முதலில் சொல்லும் நாட்டுக்கு என்ன கிடைக்கும்? பெருந்தொற்று ஒப்பந்தத்தின் முன்கதை

2025 மே 20 அன்று ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை (உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் மன்றம்), பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. அதையொட்டி இரண்டு விதமான பேச்சு கிளம்பியது. இனி உலக சுகாதார நிறுவனம் நினைத்தால் நம் ஊரில் ஊரடங்கு போடலாம், தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாம் என்றது ஒன்று. அடுத்த கொள்ளைநோய்க்கு உலகம் தயாராகிவிட்டது என்றது இன்னொன்று. இரண்டுமே தவறு. முதலாவது ஒப்பந்தத்தின் வாசகத்துக்கே நேர் எதிரானது. இரண்டாவது, ஒப்பந்தத்தின் உயிர்நாடியான பகுதி எழுதப்படும் முன்பே அடித்த கைதட்டல்.

மூன்று வருடத்துக்கு மேல் நாடுகள் எதற்காக இழுபறி செய்தன என்று புரிய, ஏற்கெனவே நடைமுறையில் உள்ள விதிகளிலிருந்து தொடங்க வேண்டும். அடிப்படையில் இது ஒரு கொடுக்கல் வாங்கல். நோய் கண்ட நாடு சீக்கிரம் வெளியே சொல்ல வேண்டும், கிருமியின் மாதிரியைத் தர வேண்டும். மற்ற நாடுகள் அதற்காக அந்த நாட்டை ஒதுக்கக் கூடாது, மருந்து தயாரானதும் பங்கு தர வேண்டும். கொடுக்கும் பாதி ஓரளவு நடக்கிறது. வாங்கும் பாதியில்தான் ஒவ்வொரு முறையும் சிக்கல்.

எல்லையில் மறிக்கும் பழைய முறை

தொற்றுநோய் பற்றிப் பேச நாடுகள் கூடிய முதல் சர்வதேச மாநாடு 1851இல் பாரிஸில் நடந்தது. 12 நாடுகள் வந்தன. காலராதான் முக்கியப் பேச்சு. கிழக்கிலிருந்து நோய் ஐரோப்பாவுக்குள் நுழையக் கூடாது, கப்பல் வியாபாரமும் கெடக் கூடாது என்பது நோக்கம். காலரா எப்படிப் பரவுகிறது என்பதிலேயே ஒத்துப்போக முடியாமல், முதல் உடன்படிக்கை வர 1892 ஆகிவிட்டது.

இந்த முறையின் சுமை யார் தலையில் விழுந்தது என்பதற்கு நம் கரையிலேயே சான்று உண்டு. தோட்ட வேலைக்கு இலங்கை போன தமிழ்த் தொழிலாளர்களைக் கடல் தாண்டும் முன் மண்டபம் முகாமில் சில நாட்கள் நிறுத்திவைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்பினார்கள். முகாம் இருந்தது இந்திய மண்ணில்; நடத்தியது அன்றைய இலங்கை அரசு. (பின்னாளில் இலங்கை அகதிகள் வந்து தங்கிய மண்டபம் முகாம் அதே இடம்தான்.) கூலி ஆளை நிறுத்தினால் நோயும் நின்றுவிடும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

1951இல் உலக சுகாதார நிறுவனம் முதல் பொது விதிகளைக் கொண்டுவந்தது. காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல், பெரியம்மை, டைபஸ், மீள்காய்ச்சல் என்று ஆறு நோய்களுக்கு மட்டும். போகப் போகப் பட்டியல் சுருங்கி, 1981இல் மூன்றாகிவிட்டது. காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் தவிர வேறு எது வந்தாலும் வெளியே சொல்லும் கடமை எந்த நாட்டுக்கும் இல்லை. புதிதாக ஒரு நோய் கிளம்பினால் அதைப் பற்றி அந்த விதிப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

ஒரு ஓட்டலின் 9ஆம் மாடி

2002 நவம்பரில் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் புதுவித நிமோனியா தலைகாட்டியது. மாதக்கணக்கில் வெளியுலகுக்குச் சரியான தகவல் வரவில்லை. 2003 பிப்ரவரி 21 அன்று, அங்கே நோயாளிகளைக் கவனித்து வந்த மருத்துவர் ஒருவர் ஹாங்காங் வந்து மெட்ரோபோல் ஓட்டலின் 9ஆம் மாடியில் தங்கினார். அவருக்கும் நோய் தொற்றியிருந்தது. அந்த மாடியில் தங்கியவர்களும் வந்துபோனவர்களும் வியட்நாம், சிங்கப்பூர், கனடா என்று அவரவர் வழியில் பறந்தார்கள். நோயும் கூடவே போனது.

ஹனோயில் இருந்த உலக சுகாதார நிறுவன மருத்துவர் கார்லோ உர்பானி, இது வழக்கமான காய்ச்சல் இல்லை என்று கண்டுகொண்டு தகவல் கொடுத்தார். மார்ச் 12 அன்று உலக எச்சரிக்கை வெளியானது. அதே நோய் தொற்றி மார்ச் 29 அன்று உர்பானி இறந்தார். பல நாட்டு ஆய்வகங்கள் அன்றாடம் முடிவுகளைப் பகிர்ந்துகொண்டு, சில வாரங்களிலேயே கிருமி ஒரு புதிய கொரோனா வைரஸ் என்று கண்டுபிடித்தன. சார்ஸ் என்று பெயர் பெற்ற இந்த நோய், அடங்கும் முன் 8,000க்கு மேற்பட்டோரைத் தொற்றி, 774 பேரைக் கொன்றது.

அந்த அதிர்ச்சியில் பிறந்தவைதான் 2005இல் திருத்தி எழுதப்பட்ட சர்வதேச சுகாதார விதிமுறைகள். 2007 ஜூன் முதல் அமலில் உள்ளன. 196 நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துகின்றன. என்ன மாறியது?

1. நோய்ப் பட்டியலுக்குப் பதிலாக நான்கு கேள்விகள் வந்தன. பாதிப்பு கடுமையானதா? வழக்கத்துக்கு மாறானதா? எல்லை தாண்டிப் பரவும் ஆபத்து பெரிதா? இதனால் பயணத்துக்கோ வணிகத்துக்கோ தடை வரக்கூடுமா? ஏதாவது இரண்டுக்கு 'ஆம்' என்றால் தெரிவிக்க வேண்டும். பெரியம்மை, இயற்கையாகப் பரவும் போலியோ, மனிதரில் புதுவகை இன்ஃபுளுயன்சா, சார்ஸ் ஆகிய நான்கில் ஒரே ஒரு நோயாளி வந்தாலும் கேள்வியே இல்லாமல் சொல்லியாக வேண்டும்.

2. அவசரத் தகவல் தேசிய அளவுக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் எடைபோட வேண்டும். எடைபோட்டு முடித்த 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். இதற்காக ஒவ்வொரு நாட்டிலும் இரவு பகலாக இயங்கும் ஒரு தொடர்பு மையம் உண்டு. இந்தியாவில் அது டெல்லியில் உள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

3. அரசு வாய் திறக்காவிட்டாலும் பத்திரிகைச் செய்தி, மருத்துவர்கள், பிற நாடுகள் வழியாக வரும் தகவலை உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்டு, "இது உண்மையா?" என்று அந்த நாட்டைக் கேட்கலாம். மூடி மறைப்பதை ஓரளவு கடினமாக்கியது இந்த ஒரு விதிதான் என்பேன்.

4. நிலைமை முற்றினால், நிபுணர் குழுவைக் கேட்டு நிறுவனத்தின் தலைமை இயக்குநர் சர்வதேச அவசரநிலை அறிவிக்கலாம். 2009க்கும் 2024க்கும் இடையில் எட்டு முறை அறிவிக்கப்பட்டது. 2024இல் திருத்தப்பட்டு 2025 செப்டம்பரில் அமலுக்கு வந்த விதிகளில் 'பெருந்தொற்று அவசரநிலை' என்று அதற்கும் மேலே ஒரு படி சேர்ந்திருக்கிறது.

இந்த விதிகளை மீறினால் தண்டனை என்ன? ஒன்றும் கிடையாது.

சொன்னவருக்கு விழும் அடி

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகும் வழக்கம் நமக்குத் தெரியும். அந்த வீட்டார் தாங்களாகவே அதைச் செருகுகிறார்கள். தெரு ஒதுங்கி நிற்கும், ஆனால் அந்த வீட்டுக்குத் தண்ணீரையோ பாலையோ நிறுத்தாது என்ற நம்பிக்கை இருப்பதால்தான் செருக முடிகிறது. நாடுகளுக்கு நடுவே அந்த நம்பிக்கை இல்லை.

1994 செப்டம்பரில் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தது. லட்சக்கணக்கானோர் ஊரைக் காலி செய்தார்கள். இறந்தவர்கள் ஐம்பதை ஒட்டித்தான். ஆனால் பல நாடுகள் இந்தியாவுக்கு விமானத்தை நிறுத்தின, இந்தியச் சரக்கை மறித்தன. உலக சுகாதார நிறுவனம் இந்தத் தடைகள் தேவையில்லை என்றது; கேட்பாரில்லை. இந்தியாவுக்கு ஏற்பட்ட நஷ்டம் 200 கோடி டாலர் வரை மதிப்பிடப்பட்டது.

அது பழைய விதிக் காலம், போகட்டும். புதிய விதிகளின்படி, பயணத்தையும் வணிகத்தையும் பெரிதாகப் பாதிக்கும் கூடுதல் தடை போடும் நாடு, 48 மணி நேரத்துக்குள் அறிவியல் காரணத்தோடு விளக்கம் தர வேண்டும். 2021 நவம்பர் 25 அன்று, மரபணு ஆய்வில் தேர்ந்த தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் கோவிட் வைரஸின் புது வகை ஒன்றைப் பற்றி உலகுக்கு அறிவித்தார்கள். மறுநாள் அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வைக்கப்பட்டது; அதே நாள் பிரிட்டன் அங்கிருந்து வரும் விமானங்களை நிறுத்தியது. மூன்று நாள் கழித்து அமெரிக்காவின் தடை, தெற்கு ஆப்பிரிக்காவின் எட்டு நாடுகள் மீது அமலானது. அப்புறம் பார்த்தால், தென்னாப்பிரிக்கா அறிவிக்கும் முன் நவம்பர் 19 அன்றே நெதர்லாந்தில் எடுத்த மாதிரியில் ஒமிக்ரான் இருந்திருக்கிறது. தேடியவர்கள் கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்ததற்கு அடி வாங்கினார்கள். இருந்த விதி யாரையும் தடுக்கவில்லை.

அடுத்த முறை வேறொரு நாட்டின் சுகாதார அமைச்சர் மேசைக்கு இதுபோல ஒரு ஆய்வறிக்கை வரும்போது, வணிக அமைச்சரும் சுற்றுலா அமைச்சரும் "இரண்டு வாரம் பொறுங்கள்" என்று சொல்லமாட்டார்களா? எந்த விதிப் புத்தகத்தாலும் தீர்க்க முடியாமல் இருக்கும் இடம் இதுதான்.

பக்கத்து நாடு தயாராக இருந்தால்: கசேசே, 2019

ஒத்துழைப்பு என்றால் ஜெனீவா மாநாடு மட்டும் இல்லை. எல்லை ஓரத்து இரண்டு மாவட்டங்கள் ஒன்றையொன்று போனில் கூப்பிட்டுப் பேசுவதும்தான். அதன் பலனைப் பார்க்க மேற்கு ஆப்பிரிக்காவையும் உகாண்டாவையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம்.

2013 டிசம்பரில் கினியாவின் மெலியாண்டு கிராமத்தில் எபோலா தொடங்கியது. அந்தப் பகுதி கினியா, லைபீரியா, சியரா லியோன் மூன்றும் சந்திக்கும் மூலை. ஒரே இனத்தவர் மூன்று நாட்டிலும் இருக்கிறார்கள். கல்யாணம், சாவு, சந்தை எல்லாம் எல்லை தாண்டித்தான். நோய் எபோலா என்று உறுதியாக 2014 மார்ச் ஆனது. நோயாளியோடு பழகியவர்களின் பட்டியல் எல்லைக்கோட்டோடு நின்றது, ஆட்கள் நிற்கவில்லை. சர்வதேச அவசரநிலை ஆகஸ்ட் 8 அன்றுதான் வந்தது. முடிவில் 28,000க்கு மேற்பட்டோருக்குத் தொற்று, 11,000க்கு மேல் சாவு.

இப்போது உகாண்டா. 2018 ஆகஸ்டு முதல் பக்கத்து கொங்கோவின் கிழக்கில் எபோலா பரவிக்கொண்டிருந்தது. எல்லையை மூடுவது நடக்காத காரியம். எல்லை ஊரான ம்போன்ட்வேயில் சந்தை நாட்களில் ஆயிரக்கணக்கானோர் நடந்தே கடக்கிறார்கள். உகாண்டா எல்லையைத் திறந்தே வைத்துக்கொண்டு தயாரானது. கடக்கும் இடங்களில் காய்ச்சல் பார்த்தது. எல்லை மாவட்டங்களில் சிகிச்சைக் கூடங்களை முன்கூட்டியே அமைத்தது. ஒரு நோயாளிகூட வராத நிலையில் சுமார் 4,700 சுகாதார ஊழியர்களுக்கு எபோலா தடுப்பூசி போட்டது. அந்தத் தடுப்பூசிக்கு அப்போது உரிமம்கூட வரவில்லை.

2019 ஜூனில் அது நடந்தது. கொங்கோவில் எபோலாவால் இறந்த தந்தையைக் கவனித்துக்கொண்ட ஒரு பெண், தாய், குழந்தைகளோடு உகாண்டா திரும்பிக்கொண்டிருந்தார். நோய் அறிகுறி தெரிந்ததால் கொங்கோ எல்லையில் அந்த உறவினர் கூட்டத்தை நிறுத்தினார்கள். அவர்களில் சிலர் நழுவி, காவல் இல்லாத ஒற்றையடிப் பாதையில் எல்லை தாண்டினார்கள். ஆள் குறைவதைக் கண்டதும் கொங்கோ அதிகாரிகள் உகாண்டா அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னார்கள். கசேசே மாவட்டத்தின் ககாண்டோ மருத்துவமனைக்கு ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வந்தபோது, அங்கிருந்தவர்கள் பார்த்த மாத்திரத்தில் சந்தேகப்பட்டு ப்வேராவில் இருந்த எபோலா கூடத்துக்கு அனுப்பினார்கள். சிறுவன் இறந்தான். பாட்டி இறந்தார். மூன்று வயதுத் தம்பிக்கும் தொற்று இருந்தது. மீதிக் குடும்பத்தினரை, இரு நாடுகளும் பேசி, சிகிச்சைக்காகக் கொங்கோவுக்கே திருப்பி அனுப்பின. அவர்களோடு பழகியவர்களைத் தேடித் தேடித் தடுப்பூசி போட்டார்கள்.

அந்த ஊடுருவலில் தொற்று மூன்று பேரோடு நின்றது. உகாண்டாவுக்குள் வேறு ஒருவருக்கும் பரவவில்லை. அதே கொங்கோப் பரவலில் அந்தப் பக்கம் 2,200க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ச்சல் சோதனையை ஒற்றையடிப் பாதையில் ஏமாற்ற முடிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். நோயைப் பிடித்தது எல்லைச் சாவடி இல்லை. ஒரு தொலைபேசித் தகவலும், பயிற்சி பெற்ற ஒரு சிறிய மருத்துவமனையும்.

மாதிரி போகும், மருந்து வராது

கொடுக்கல் வாங்கலின் இன்னொரு பக்கம் கிருமி மாதிரி. இன்ஃபுளுயன்சாவுக்கு ஒரு உலகளாவிய ஆய்வக வலைப்பின்னல் 1952 முதல் இருக்கிறது. நாடுகள் வைரஸ் மாதிரிகளை இலவசமாக அனுப்பும், அதிலிருந்து தடுப்பூசி தயாராகும்.

எச்5என்1 பறவைக் காய்ச்சலால் உலகிலேயே அதிக மனித உயிர்களை இழந்துகொண்டிருந்த நாடு இந்தோனேசியா. அது அனுப்பிய வைரஸை வைத்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி தயாரிப்பது தெரியவந்தது. அதை விலை கொடுத்து வாங்க வேண்டியதும் இந்தோனேசியாதான். 2007 தொடக்கத்தில் அன்றைய சுகாதார அமைச்சர் சிதி ஃபாதிலா சுபாரி, இனி மாதிரி கிடையாது என்று நிறுத்திவிட்டார். உலகத்தின் பாதுகாப்பையே பணயம் வைக்கிறார் என்று பணக்கார நாடுகள் கொதித்தன. அவர் செய்தது ஆபத்தான காரியம்தான். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. அந்தக் கதவடைப்பு இல்லாவிட்டால் யாரும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்திருக்கமாட்டார்கள் என்பதும் உண்மை.

நான்கு வருடப் பேச்சுக்குப் பின் 2011இல் ஒரு ஏற்பாடு வந்தது. மாதிரியைப் பயன்படுத்தும் நிறுவனங்கள், பெருந்தொற்று வந்தால் உற்பத்தியில் ஒரு பங்கை உலக சுகாதார நிறுவனத்துக்குத் தரச் சம்மதித்து ஒப்பந்தம் போட வேண்டும்; ஆண்டுதோறும் பணமும் கட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் இன்ஃபுளுயன்சாவுக்கு மட்டும். 2020இல் வந்தது கொரோனா.

இதற்குள் இன்னொன்றும் மாறியிருந்தது. 2020 ஜனவரி 11 அன்று, ஷாங்காய் விஞ்ஞானி ஜாங் யோங்ஜென் குழு எடுத்த கோவிட் வைரஸின் மரபணு வரிசை இணையத்தில் வெளியானது. சுமார் 30,000 எழுத்துகள். தடுப்பூசி வடிவமைக்க அந்த எழுத்து வரிசையே போதும். கிருமி இருக்கும் குப்பியை விமானத்தில் அனுப்ப வேண்டியதில்லை. அந்த வரிசையை வைத்து உருவான தடுப்பூசி மார்ச் 16 அன்றே முதல் மனிதருக்குப் போடப்பட்டது. குப்பியை வேண்டுமானால் பூட்டி வைக்கலாம், எழுத்துகளை எப்படிப் பூட்டுவது? வெளியிட்ட மறுநாள் ஜாங்கின் ஆய்வகத்தை அதிகாரிகள் 'சீரமைப்புக்காக' மூடச் சொன்னார்கள் என்பது தனிக் கதை.

அப்புறம் தடுப்பூசி வந்தது. பணக்கார நாடுகள் முன்கூட்டியே வாங்கிக் குவித்தன. இதில் இந்தியாவும் வெறும் பார்வையாளர் இல்லை. 2021 ஜனவரி இறுதியில் இலங்கைக்கு 5 லட்சம் கோவிஷீல்டு ஊசிகளை அன்பளிப்பாக அனுப்பியது இந்தியா. அடுத்த சில மாதங்களில் இங்கே இரண்டாம் அலை எழுந்ததும் ஏற்றுமதி நின்றது. இலங்கையில் முதல் ஊசி போட்ட சுமார் 6 லட்சம் பேர் இரண்டாவதுக்குக் காத்திருக்க நேர்ந்தது. ஜூலை இறுதியில் ஜப்பான் அனுப்பிய பிறகுதான் தட்டுப்பாடு நீங்கியது. தன் மக்கள் ஆக்சிஜனுக்கு அலையும்போது எந்த அரசும் அப்படித்தான் செய்யும். அதனால்தான் பங்கீட்டை நெருக்கடி வரும் முன்பே எழுதிவைக்க வேண்டும் என்ற வாதம் வலுத்தது.

2025 ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது

பேரவையின் குழு வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம், 11 நாடுகள் ஒதுங்கின. உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக ஜனவரியிலேயே அறிவித்துவிட்ட அமெரிக்கா பேச்சுவார்த்தையில் இல்லை.

1. ஊரடங்கு, பயணத் தடை, கட்டாயத் தடுப்பூசி எதையும் எந்த நாட்டின் மீதும் திணிக்க உலக சுகாதார நிறுவனத்துக்கு அதிகாரம் இல்லை என்று ஒப்பந்தமே வெளிப்படையாகச் சொல்கிறது.

2. கிருமி மாதிரியும் மரபணு வரிசையும் ஒரு பொது ஏற்பாட்டுக்குள் வரும். அதில் சேரும் மருந்து நிறுவனங்கள், பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவி உற்பத்தியில் 20 சதவீதத்தை உடனுக்குடன் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க முயல வேண்டும். குறைந்தது 10 சதவீதம் நன்கொடை, மீதி கட்டுப்படியாகும் விலையில்.

3. இந்தப் பொது ஏற்பாட்டின் நுணுக்கங்கள் ஒப்பந்தத்தில் இல்லை. அவற்றைத் தனி இணைப்பாக எழுதி 2026 மே பேரவையில் வைப்பது என்று அப்போது கெடு போட்டார்கள். இணைப்பு ஏற்கப்பட்ட பிறகுதான் நாடுகள் கையெழுத்திட முடியும். 60 நாடுகள் முறைப்படி ஏற்றால்தான் அமலுக்கு வரும்.

இணைப்பில் சண்டை எதற்கு என்றால், மேலே பார்த்த அதே எழுத்துகளுக்காகத்தான். மரபணு வரிசையை எடுப்பவர் யார் என்று பதிவு செய்ய வேண்டும், எடுக்கும் முன்பே பங்கு தருவதாகக் கையெழுத்திட வேண்டும் என்பது ஆப்பிரிக்க, ஆசிய வளரும் நாடுகளின் நிலை. பெயர் சொல்லாமல் யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் அப்புறம் யாரிடம் போய்ப் பங்கு கேட்பது என்பது அவர்கள் வாதம். பதிவும் நிபந்தனையும் ஆராய்ச்சியைத் தாமதப்படுத்தும், தாமதம் உயிர்களைக் குடிக்கும் என்பது மருந்து நிறுவனங்களும் அவை இருக்கும் நாடுகளும் சொல்வது. இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் 2007லும் 2021லும் வெறுங்கையோடு நின்றவர்கள் யார் என்று பார்த்தால், முதல் தரப்பின் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

முதலில் சொன்ன நாட்டின் மீது தடை போடுவதைப் பொறுத்தவரை, தண்டனை என்று எதையும் இந்த ஒப்பந்தமும் கொண்டுவரவில்லை. 2024 செப்டம்பர் 27 அன்று ருவாண்டா, எபோலா போன்ற கொடிய நோயான மார்பர்க் காய்ச்சலின் பரவலை உடனே அறிவித்தது. எட்டு நாட்களில் அமெரிக்காவிலிருந்து ஆய்வுநிலைத் தடுப்பூசி வந்து இறங்கியது. 66 பேரைத் தொற்றிய அந்த நோயில் 15 பேர்தான் இறந்தார்கள். அந்தக் கிருமிக்கு அது மிகக் குறைவு. கொடுக்கல் வாங்கல் ஒழுங்காக நடந்தால் இப்படித்தான் இருக்கும். அந்தத் தடுப்பூசி வந்தது எந்தச் சட்டக் கடமையாலும் இல்லை; கையிருப்பு இருந்தது, கொடுக்க மனம் இருந்தது. இணைப்பு முடிந்து 60 நாடுகள் ஏற்கும் வரை, இன்ஃபுளுயன்சா தவிர வேறு எந்தக் கிருமி கிளம்பினாலும் அது முழுக்க அந்தந்த நேரத்து மனநிலையைப் பொறுத்ததுதான்.